தொட்டியில் ஒரு கோளாறும் இல்லை

வாங்க சார், செருப்பக் கழட்ட வேண்டாம், அப்படியே வாங்க. இன்னைக்கு வீடு பூரா உப்புத்தண்ணியாத்தான் ஆகப் போகுது. மதுரையில எத்தனை மணிக்குக் கெளம்புனீய? ஆறு மணிக்கா? அப்போ சாப்பிட்டிருக்க மாட்டீய. இட்லி வாங்கி வச்சிருக்கேன். கடை இட்லிதான். வேன் டிரைவரையும் கூப்பிடுங்க. சாப்பிட்டுட்டு ஆரம்பிப்போம், இதுல அவசரமே ஆகாது. மொதல்ல தண்ணிய டிரம்முல எடுக்கணும், பொறவு பவளம், பொறவு மீனு, கடைசியாத்தான் மணல். மணல மொதல்லயே கலக்கிட்டீயன்னா அடியில கெடக்கிற அழுக்கு பூரா மேல ஏறி எல்லாத்தையும் கொன்னுரும். மூணு மணி நேரம் ஆவும். ஒண்ணேகாலுக்கு எனக்கு நாகர்கோவில் பஸ்ஸு. அதுக்குள்ள முடிச்சிருவோம்.

டியூப்ப வாயில வச்சு உறிஞ்சாதீய, நான் பண்ணுதேன். ம். விழுது பாருங்க. இனி அது பாட்டுக்கு விழும். உக்காருங்க.

எதுக்கு விக்கீயனு போன்ல கேட்டீயல்லா. எடம் மாறுதேன்னு சொன்னேன். அது பொய்யில்ல, ஆனா முழுசும் இல்ல. நேரம் கெடக்கு, சொல்லுதேன். ஏதோ கோளாறு இருந்து நம்ம தலையில கட்டுதான்னு நீங்க நெனச்சிறக் கூடாது பாருங்க. தொட்டியில ஒரு கோளாறும் இல்ல.

மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன். இதுல எதுவுமே நம்ம தூத்துக்குடி கடல்ல எடுத்தது கெடயாது. எடுத்தா கேஸு. கல்லாட்டம் வளருமே, அந்தச் சாதிய நான் வைக்கவே இல்ல. இது பூரா மெத்து மெத்துனு இருக்கிற சாதி. வெளிநாட்டுல இருந்து சென்னைக்கு வந்து, அங்க இருந்து பார்சல்ல வந்தது. பில்லு ஃபைல்ல இருக்கு, தந்துருதேன். அந்தா நடுவுல குடை மாதிரி நிக்குல்லா, அதுக்குத்தான் வயசு கூட. ஆறு வருஷம். கல்லு மேல பொட்டுப் பொட்டா இருக்கிறது பட்டன். இந்தப் பக்கம் காளான். பேரெல்லாம் அவ வச்சது. இங்கிலீஷ் பேரு எழுதிக் குடுத்தேன், அவ வாயில நுழையல, குடை, பட்டன், காளான்னு ஆக்கிட்டா.

அவன்னா, ஹெப்சி. என் வீட்டுக்காரி.

நான் கத்தார் பக்கம் நடுக்கடல்ல கேஸ் எடுக்கிற மேடையில வேலை பாக்கேன். இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியன். சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, மட்டம் எவ்வளவுனு காட்டுத மீட்டரெல்லாம் உண்மையைக் காட்டுதான்னு பாக்கிறதுதான் என் சோலி. ரெண்டு மாசம் அங்க, ஒரு மாசம் வீடு. இப்படி பதினாலு வருஷம். ஒரு மீட்டர் பொய் சொன்னா நான் கண்டுபிடிச்சிருவேன் சார். பெருமைக்குச் சொல்லல, எங்க சூப்பர்வைசரே சொல்லுவாரு.

பிள்ளைக இல்ல. பாளையங்கோட்டையில ஒரு டாக்டரம்மாட்ட நாலு வருஷம் போனோம். பொறவு அவளே போதும்னுட்டா. அந்த வருஷந்தான் இந்தத் தொட்டி வாங்கினேன். அவளுக்குப் பொழுது போகட்டுமேன்னு. அவளுக்குனுதான் வாங்கினேன் சார், யாருகிட்ட வேணாலும் கேளுங்க. கண்ணாடி அளவு, பம்பு, லைட்டு எல்லாம் நான் முடிவு பண்ணினேன், அது அவளுக்குத் தெரியாதுல்லா. ஆனா வாங்கினது அவளுக்கு.

நீங்க புதுசா இறங்குதீய, அதனால சொல்லுதேன், இது மீன் வளக்கிற மாதிரி கெடயாது. தண்ணி வளக்கணும். தண்ணிய ஒழுங்கா வச்சா பவளம் தன்னால இருக்கும். கீழ கேபினெட்டத் தொறங்க. அந்தக் குட்டித் தொட்டிதான் சம்ப். அதுல நிக்கிற உருளை ஸ்கிம்மர். தண்ணியில இருக்கிற கழிவ நுரையாக்கி மேல கப்புல தள்ளும். மூணு நாளைக்கு ஒருக்கா அந்தக் கப்பக் கழுவணும், நாத்தம் கொடலப் புடுங்கும். பக்கத்துல தண்ணியக் குளுத்துற சில்லர். நம்ம ஊரு வெயிலுக்கு அது இல்லன்னா ஒரு நாள் தாங்காது. இருபத்தாறு டிகிரி. அதுல நிக்கணும். தினம் நாலு அஞ்சு லிட்டர் தண்ணி ஆவியாப் போகும். உப்பு போகாது, தண்ணி மட்டும் போகும். அதுக்கு ஈடா நல்ல தண்ணி அந்த நீல டப்பாவுல இருந்து தானா ஏறும். டப்பாவுல அறுபது லிட்டர். அத நெறச்சு வைக்கணும். கண்ணாடிய ரெண்டு நாளைக்கு ஒருக்கா துடைக்கணும். வாரம் ஒருக்கா உப்புத்தண்ணி கலக்கி மாத்தணும். எல்லாம் அவதான் செஞ்சா. வருஷத்துல எட்டு மாசம் நான் இங்க இருக்க மாட்டேன்லா.

ஆனா எல்லா கணக்கும் என் போனுக்கு வந்துரும். நானே ஃபிட் பண்ணினது. சூடு, உப்பு, மட்டம். எதுவாவது எல்லையத் தாண்டிச்சுன்னா போன் அலறும். நடுக்கடல்ல மெஸ்ஸுல உக்காந்துக்கிட்டு என் தொட்டி சூடு எவ்வளவுனு சொல்லுவேன். கூட வேலை பாக்கிற மலையாளத்துக்காரன் ஷாஜி சிரிப்பான்: "ஜெபசிங் போன்ல மத்த எல்லாரையும் போல பொண்டாட்டி போட்டோ இல்ல, கிராஃப் இருக்கு."

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவளுக்குப் போன் பண்ணுவேன். தவறினதே இல்ல. சாப்பிட்டியா, ஊர்ல உன் அம்மா எப்படி இருக்காவ, தொட்டி எப்படி இருக்கு. மூணு நிமிஷம், நாலு நிமிஷம். வேற என்ன இருக்கு பேச? அங்க நான் பாக்கிறது பைப்பு. அத அவகிட்ட என்னத்தச் சொல்ல?

ஆனா அலாரம் அடிச்சுட்டா உடனே கூப்பிட்டிருவேன். அன்னைக்கு நாப்பது நிமிஷம், ஒரு மணி நேரம் கூட ஆகும். பம்பு மேல கை வச்சுப் பாரு, அதிருதா? தண்ணி நிறம் எப்படி? குடை விரிஞ்சிருக்கா? எல்லாம் ஒவ்வொண்ணாக் கேப்பேன், அவ பாத்துப் பாத்துச் சொல்லுவா. ரிப்போர்ட்டு சுத்தமா குடுப்பா சார். "குடை நல்லா விரிச்சிருக்கு அத்தான், அலை வரும்போது பின்னால சாஞ்சு சாஞ்சு வருது. பட்டனெல்லாம் முழிச்சிருக்கு, மூலையில கெடக்கிறது மட்டும் தூங்குது. அது நேத்தும் தூங்குச்சு." கண்ணு முன்னால நிக்கிற மாதிரி இருக்கும். எங்க மேடையில டிப்ளமா படிச்சவன் கூட அப்படி எழுத மாட்டான்.

சில நேரம் நடுவுல அவ சமாச்சாரம் கலந்துரும். "காளான் ரெண்டு நாளா சுருங்கியே கெடக்கு அத்தான். எனக்கும் காலையில இருந்து தலைவலி." நான் சொல்லுவேன், "மாத்திரை போட்டுக்கோ. காளான் எந்தப் பக்கம் சுருங்கியிருக்கு, லைட்டு பக்கமா?" அப்படித்தான சார் கேக்க முடியும், அலாரம் அடிச்சிருக்கும்போது?

ஒருக்கா அவளா கூப்பிட்டா. நான் ஒரு வால்வு பக்கத்துல நின்னுட்டு மெஸ்ஸுக்கு வாரேன், மூணு மிஸ்டு கால். எனக்கு உசுரே போயிருச்சு. கூப்பிட்டு, "என்ன, தொட்டியில என்ன?"ன்னேன். "ஒண்ணுமில்ல அத்தான், சும்மாதான் கூப்பிட்டேன்." எனக்கு வந்த கோவத்துக்கு, "சும்மா எல்லாம் கூப்பிடாத ஹெப்சி, நான் பதறிப் போறேன்லா"ன்னுட்டேன். "சரி, இனிமே கூப்பிடல"ன்னா. அதோட சரி. சொன்னா கேட்டுக்குவா, எதுத்துப் பேச மாட்டா. அது ஏப்ரல் கடைசியா இருக்கும். இல்ல, மார்ச்சு. போன டியூட்டியிலல்லா.

டிரம்மு நெறஞ்சிருச்சு பாருங்க. டியூப்ப அடுத்ததுல போடுங்க. ம், சரி.

இந்த வருஷம் மே பத்தாம் தேதி டியூட்டிக்குப் போனேன். ரெண்டு வாரம் ஒண்ணுமில்ல. மே கடைசியில ஆரம்பிச்சுது. மத்தியானம் மெஸ்ஸுல போன எடுக்கேன், அலாரம். முப்பத்திரண்டு டிகிரி. முப்பத்திரண்டுன்னா தொட்டி செத்துரும் சார். உடனே கூப்பிட்டேன். மொத மணியிலயே எடுத்தா. சில்லர் ஓடுதான்னேன். ஓடுதுன்னா. தண்ணியில கைய வைன்னேன். குளுந்துதான் இருக்குன்னா. அரை மணி நேரத்துல தானா இருபத்தாறுக்கு வந்துருச்சு. அப்படியே பேசிக்கிட்டே இருந்தோம், முழு மதியச் சாப்பாட்டு நேரமும் போச்சு.

ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும். பொறவு மறுநாளே. நானூறு லிட்டர் தண்ணி நாலு நிமிஷத்துல ஆறு டிகிரி ஏறுமா? ஏறவே ஏறாது. அடியில அடுப்பு வச்சாலும் ஏறாது. அப்போ என்ன அர்த்தம்? மீட்டர் பொய் சொல்லுது. சூடு பாக்கிற சென்சார் போச்சுன்னு முடிவு பண்ணி, ஊருக்குப் போன ஒரு ஆளுகிட்ட புதுசு குடுத்து விட்டேன். இங்க மட்டக்கடைப் பக்கம் மீன் தொட்டிக் கடை வச்சிருக்கிற சுடலைமணி அண்ணாச்சிய வரச் சொல்லி மாட்டச் சொன்னேன். அவிய வயசு அம்பத்தஞ்சு, இந்தத் தொழில்லயே கெடக்கிறவிய. மாட்டினாவ. மறுநாள் முப்பத்திமூணு.

மறுபடியும் அண்ணாச்சி வந்து சில்லரப் பிரிச்சுப் பாத்தாவ, கரண்டு பாத்தாவ, வயரு பாத்தாவ. எனக்குப் போன் பண்ணி, "தம்பி, தொட்டியில ஒரு கோளாறும் இல்ல"ன்னாவ. "அப்போ எங்க அண்ணாச்சி கோளாறு?"ன்னேன். "நீங்க தங்கச்சிக்கு அடிக்கடி போன் பண்ணுங்க தம்பி"ன்னாவ. நான் சொன்னேன், "அதான் தினம் பண்ணிக்கிட்டுதான இருக்கேன், இந்தச் சவத்தால"ன்னேன்.

ஒரு பேப்பர் எடுத்து அலாரம் அடிச்ச நேரத்தையெல்லாம் எழுதினேன். ஒண்ணு கூட நான் வேலையில நிக்கிற நேரத்துல வரல சார். ஒண்ணு எங்க சாப்பாட்டு நேரம், இல்லன்னா டீ நேரம். அங்க பன்னிரண்டு, இங்க ரெண்டரை. அங்க மூணு, இங்க அஞ்சரை. பதினாலு அலாரம், பதினாலும் அப்படி. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அந்த நேரத்துல நம்ம தெருவுல வோல்டேஜ் இறங்குதுன்னு நெனச்சேன். மின்வாரியத்துக்கு ஒரு மெயில் அனுப்பினேன். சிரிக்காதீய. ஷாஜி அந்தப் பேப்பரப் பாத்துட்டு, "எடா, உன் தொட்டிக்கு உன் டைம்டேபிள் தெரியும்"னான். அப்பவும் எனக்கு ஓடல.

சரி, கேமரா வைப்போம்னு முடிவு பண்ணினேன். அண்ணாச்சிதான் வந்து அந்தா, அந்த அலமாரி மேல வச்சாவ. தொட்டியும் தெரியும், கீழ கேபினெட்டும் தெரியும். ஹெப்சிகிட்ட சொல்லிட்டேன், ஒளிச்சு வைக்கல. மீன் பாக்கிறதுக்குனு சொன்னேன். அவ ஸ்டூலப் பிடிச்சுக்கிட்டு நின்னாளாம், அண்ணாச்சி மேல ஏறும்போது.

ரெண்டாவது நாள் சாப்பாட்டு நேரத்துல தட்ட வச்சுக்கிட்டு கேமராவத் தொறந்தேன். ஹெப்சி வந்தா. தரையில உக்காந்தா. கேபினெட்டத் தொறந்து, சம்ப்புல இருந்து சென்சார வெளிய எடுத்தா. விரல் நீளந்தான் இருக்கும் அது. துண்டுல துடைச்சா. துடைச்சுட்டு உள்ளங்கையில வச்சு மூடிக்கிட்டா.

என் போன்ல ஏறுது. இருபத்தெட்டு. முப்பது. முப்பத்திரண்டு. அலாரம் அடிக்குது. மெஸ்ஸுல எல்லாரும் திரும்பிப் பாக்கான். முப்பத்திமூணு புள்ளி நாலுல போய் நின்னுச்சு. அவ மடியில போன வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ஒருக்கா கடிகாரத்தப் பாத்தா. ஒருக்கா கேமராவப் பாத்தா. அது அங்க இருக்குனு அவளுக்குத் தெரியும் சார். தெரிஞ்சேதான் செஞ்சா.

நான் கூப்பிடல.

கோவம் சார். மூணு வாரமா நான் சோறு திங்காம, சென்சார் வாங்கி, சில்லரப் பிரிச்சு, மின்வாரியத்துக்கு எழுதி, இவ கைக்குள்ள வச்சுப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. என் தொழிலே மீட்டரு. எனக்கே பொய் மீட்டரு. எவ்வளவு நேரந்தான் பிடிச்சிருப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நாப்பது நிமிஷம். பொறவு சென்சாரத் தண்ணிக்குள்ள வச்சா, கேபினெட்ட மூடினா, எந்திரிச்சுப் போயிட்டா. போன அங்கயே தரையில விட்டுட்டுப் போனா. பொறவு வந்து எடுத்துக்கிட்டா.

அண்ணாச்சிய வரச் சொல்லி, சென்சார ஒரு பைப்புக்குள்ள விட்டு பசை போட்டு ஒட்டச் சொன்னேன். இனி யாரும் எடுக்க முடியாது. கேமராவயும் கொஞ்சம் மேல திருப்பச் சொன்னேன், கீழ பாக்க இனி ஒண்ணுமில்லல்லா, பவளமாவது நல்லாத் தெரியட்டும்னு. முடிச்சுட்டு அண்ணாச்சி போன் பண்ணினாவ. "ஒட்டியாச்சு தம்பி. தங்கச்சி பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணும் கேக்கல. டீ போட்டுக் குடுத்துச்சு." "நல்லது அண்ணாச்சி"ன்னேன்.

பொறவு பாருங்க, பதினெட்டு நாள். கோடு போட்ட மாதிரி இருபத்தாறு. ஒரு அலாரம் இல்ல. ஷாஜிட்ட கிராஃபக் காட்டினேன். வெள்ளிக்கிழமை கூப்பிடுவேன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். தொட்டி எப்படி, நல்லா இருக்கு. கேமராவுல பாத்தா கண்ணாடி லேசா பச்சை பிடிச்சிருந்துச்சு. "கண்ணாடி துடைக்கலியா?"ன்னு கேட்டேன். "துடைக்கணும்"னா. "சரி"ன்னு வச்சுட்டேன். சென்சார் சமாச்சாரத்த நான் எடுக்கவே இல்ல. எதுக்கு சண்டைன்னு. கோளாறுதான் சரியாயிருச்சே.

ஜூலை மூணாம் தேதி அலாரம் அடிச்சுது. சூடு இல்ல. மட்டம். கீழ சம்ப்புல தண்ணி கொறஞ்சு போச்சு. அப்போ நீல டப்பா காலி. அது அறுபது லிட்டர் சார், பன்னிரண்டு நாளைக்கு வரும். கூப்பிட்டேன். எடுத்தா. "ஹெப்சி, டப்பாவுல தண்ணி இல்ல, போய் ஊத்து"ன்னேன். "நான் அங்க இல்ல அத்தான்"னா. "எங்க, கடைக்குப் போயிருக்கியா?"ன்னேன்.

"நாகர்கோவில்ல இருக்கேன். அண்ணன் வீட்டுல. பதினோரு நாளாச்சு."

பதினோரு நாள். நடுவுல ஒரு வெள்ளிக்கிழமை நான் கூப்பிட்டுப் பேசியிருக்கேன் சார். சாப்பிட்டியான்னு கேட்டேன், சாப்பிட்டேன்னா. அது நாகர்கோவில்ல இருந்து சொல்லியிருக்கா. நீ எங்க இருக்கன்னு நான் கேக்கலல்லா. வீட்டுல இருக்கிற பொம்பளைய யாரு எங்க இருக்கன்னு கேப்பா? லைட்டு டைமர்ல எரியுது, சாப்பாடு டப்பா தானா மீனுக்குக் கொட்டுது, சூடு இருபத்தாறுல நிக்குது. வீட்டுல ஆளு இல்லன்னு எந்த மீட்டரு எனக்குச் சொல்லும்?

"ஏன் சொல்லாமப் போன?"ன்னேன்.

"நீங்க கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்"னா.

தண்ணி எவ்வளவு ஆச்சு? பாதிக்கு வந்துருச்சு. இப்போ பவளத்த எடுக்கலாம். கையுறை போடுங்க, கட்டாயம். பட்டன்ல விஷம் உண்டு, கையில கீறல் இருந்தா ஆபத்து. கல்லோட சேத்துத் தூக்குங்க, பவளத்தப் பிடிக்காதீய. குடைய நான் எடுக்கேன். பாருங்க, தொட்டதும் எப்படி சுருங்குது. பயம் அதுக்கு. ரெண்டு நாள்ல விரிஞ்சிரும்.

ஜூலை பத்து ஊருக்கு வந்தேன். அண்ணாச்சிதான் தண்ணி ஊத்தி, ஸ்கிம்மர் கப்பக் கழுவி, ஒரு வாரம் பாத்துக்கிட்டு இருந்தாவ. காளான்ல ரெண்டு மூணு போச்சு, மத்ததெல்லாம் தப்பிச்சுது. சாவிய என் கையில குடுத்துட்டு அவிய போகல, வாசல்லயே நின்னாவ.

"தம்பி, எனக்கு மொத நாளே தெரியும். வயருல உப்பு படியல, தொடைச்சு வச்சிருந்துச்சு. தங்கச்சிதான் எடுக்குதுன்னு தெரியும்"னாவ.

"அப்போ ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"அது நான் சொல்லுத விஷயமா? புருசன் கூட பேசணும்னு ஒரு பொம்பளை செய்யிற காரியத்த நான் வந்து உங்ககிட்ட கோளாறுன்னு சொல்லவா?"

நான் அவியட்ட கேட்டேன், உங்ககிட்டயும் கேக்கேன். பேசணும்னா பேச வேண்டியதுதான சார்? பேச வேண்டாம்னு நான் சொன்னேனா? சும்மா கூப்பிடாதன்னுதான் சொன்னேன். அதுக்கு அர்த்தம் பேசாதன்னா? ஒரு வார்த்தை, இன்ன மாதிரி இருக்கு அத்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லப் போறேன். அண்ணாச்சி வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாவ.

மறுநாளே நாகர்கோவில் போனேன். மச்சான் வீட்டுல முன் ரூம்புல எட்டுப் பத்துப் பிள்ளைக உக்காந்து வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருக்கு. ஹெப்சி டியூஷன் எடுக்கா. எனக்குத் தெரியவே தெரியாது. கல்யாணமாகி பதினோரு வருஷம், அவளுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்க வரும்னே எனக்குத் தெரியாது. பிள்ளைக போற வரைக்கும் நாற்காலியில இருந்தேன். ஒரு பொடியன் என்னய பாத்து, "டீச்சர், இந்த அங்கிள் யாரு?"ன்னான். "ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லு"ன்னா.

எல்லாம் போன பொறவு காப்பி கொண்டு வந்து வச்சா. எதிர்ல உக்காந்தா. கொஞ்சம் மெலிஞ்சிருந்தா. இல்ல, மெலியலயோ என்னவோ. முடிய வேற மாதிரி சீவியிருந்தா.

"அன்னைக்குப் பாத்தீங்களா?"ன்னு கேட்டா.

"எத?"

"கேமராவுல. நான் கையில பிடிச்சிருந்தத."

"பாத்தேன்."

"முழுசுமா?"

"முழுசும் பாத்தேன். நாப்பது நிமிஷம்"னேன். பொய் சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன் சார்.

அவ என் கண்ணையே பாத்துக்கிட்டு இருந்தா. "நான் நெட்வொர்க் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்"னா. "அன்னைக்கு உங்களுக்கு நெட்வொர்க் கெடைக்கலன்னு நெனச்சுக்கிட்டுதான் எந்திரிச்சுப் போனேன். பொறவு அண்ணாச்சி பசை டப்பாவோட வந்தாரு." "எவ்வளவு காட்டுச்சு?"ன்னா.

"எது?"

"என் கை."

"முப்பத்திமூணு புள்ளி நாலு."

"அவ்வளவுதானா"ன்னா. சிரிச்சா. சிரிச்சாளா அழுதாளான்னு எனக்குச் சொல்லத் தெரியல. காப்பி ஆறுது, குடிங்கன்னா.

வீட்டுக்கு வா ஹெப்சின்னேன். "நீங்க எப்போ டியூட்டிக்குப் போறீங்க?"ன்னா. ஆகஸ்ட் பத்துன்னேன். "அப்போ அந்த வீட்டுக்கு வந்து நான் என்ன செய்ய?"ன்னா. கோவமாக் கேக்கல. உண்மையிலயே கேட்டா. பதில் சொல்லணும்னு யோசிச்சேன். கண்ணாடி துடைக்கணும், தண்ணி மாத்தணும், டப்பா நெறைக்கணும்னு ஒவ்வொண்ணா மனசுல வந்துச்சு. நல்லவேளை, ஒண்ணையும் வாயத் தொறந்து சொல்லல.

டியூட்டிக்குப் போகல சார். லீவு நீட்டிக் கேட்டு எழுதியிருக்கேன். ஒண்ணரை மாசமா வீட்டுலயேதான் கெடக்கேன். அவ செஞ்ச வேலையெல்லாம் நானே செய்யிறேன். இவ்வளவு வேலையான்னு இருக்கு. காலையில கண்ணாடி, பொறவு கப்பு, பொறவு உப்புத்தண்ணி. முடிச்சுட்டு இங்கன தரையில உக்காருவேன். சாயங்காலம் லைட்டு நீலமா மாறும்போது குடை நல்லா விரியும். ஒரு நாள் பாத்துக்கிட்டே இருந்தேன், வாய் தன்னால, "மூலையில கெடக்கிற பட்டன் முழிச்சிருச்சு"ன்னுச்சு. சத்தமாச் சொல்லிட்டேன். யாரு இருக்கா கேக்க? பம்பு ஓடுற சத்தம். போனும் பக்கத்துலதான் கெடக்கு. ஒரு நாளைக்கு ஒருக்கா கூட அடிக்காது. யாரு அடிப்பா? தொட்டிதான் நல்லா இருக்கே.

சனிக்கிழமை சனிக்கிழமை நாகர்கோவில் போறேன். இன்னைக்கு ஏழாவது சனி. மொத ரெண்டு வாரம் போய் பவளத்தப் பத்திச் சொன்னேன். அவ வச்ச பேரையே சொல்லித்தான் சொன்னேன், சந்தோசப்படுவான்னு. பாதியிலயே எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. மச்சான் வந்து உக்காந்து மழை பெய்யுமா பெய்யாதான்னு என்கிட்ட பேசிக்கிட்டு இருந்தாரு. மூணாவது வாரம் ஒண்ணுமே பேசல. அவ நோட்டுத் திருத்தினா, நான் பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு அவ அடுப்படிக்குப் போகல. போன வாரம் கெளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, "அடுத்த வாரம் வாரதா இருந்தா நாலு மணிக்கு மேல வாங்க. அப்போ பிள்ளைக போயிரும்"னா.

அவளா ஒரு நேரம் சொல்லுதது இதான் மொத தடவை. அத மனசுல வச்சுத்தான் உங்களயும் இன்னைக்கே வரச் சொன்னேன். நாகர்கோவில்ல ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பாத்திருக்கேன், மச்சான் வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளி. அவளுக்கு இன்னும் தெரியாது. சொன்னா என்ன சொல்லுவான்னும் தெரியாது. அந்த வீட்டுல தொட்டிக்கு எடமில்ல.

எல்லாம் ஏத்தியாச்சுல்லா? மீனு பாக்கெட்ட வெயில்ல வச்சிறாதீய, டிரைவர்ட்ட சொல்லுங்க. இந்தாங்க பில்லு ஃபைலு. போனுக்குக் கணக்கு அனுப்புத அந்த கன்ட்ரோலர்ல இருந்து என் நம்பர எடுத்துட்டேன், உங்க நம்பரப் போட்டுக்கோங்க. பணமெல்லாம் இருக்கட்டும் சார், பொறவு அனுப்புங்க. பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, நான் நடந்தே போயிருவேன்.

ஒண்ணு கேக்கணும் சார். கல்யாணம் ஆயிருச்சுல்லா உங்களுக்கு? தப்பா எடுத்துக்கக் கூடாது. நாலு மணிக்குப் போனா ஆறு மணி பஸ்ஸு வரைக்கும் ரெண்டு மணி நேரம் இருக்கு. தொட்டியக் குடுத்துட்டேன்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். வீடு பாத்திருக்கேன்னு சொல்ல இன்னொரு நிமிஷம். அதுக்குப் பொறவு? நீங்க வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போவீயல்லா, உங்க வீட்டுக்காரம்மா எதிர்ல வந்து உக்காருவாங்கல்லா. அப்போ நீங்க மொதல்ல என்ன பேசுவீய சார்?